ஆறு மணிக்குள் பழைய சிப்

உள்ளறையில் விசிறி சுழலும் சத்தம் கேட்டது. அடுப்படியில் நின்றிருந்த நியேவெஸ் மனசுக்குள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சத்தம் அடங்கியது. ஒரு மூச்சு விடும் நேரம் எதுவுமில்லை. மறுபடி விர்ரென்று கிளம்பியது. மறுபடி நான்கில் அடங்கியது.

"இன்னும் ஒரே ஒரு தடவை போட்டுப் பாருங்க கொமாத்ரே," என்றது அவள் கணவன் சபீனோவின் குரல்.

"இது என்ன உங்க மினிபஸ்ஸா, தள்ளித் தள்ளி ஸ்டார்ட் பண்ண? பிளக்கைப் பிடுங்குங்க முதல்ல."

நியேவெஸ் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மேசைமேல் கணினி பக்கவாட்டில் திறந்து கிடந்தது. ருஃபீனா அதன்மேல் குனிந்திருந்தாள். இரண்டு சடைகளும் உள்ளே விழாதபடி முதுகுக்குப் பின்னால் சேர்த்து முடிந்திருந்தாள். அவளுடைய கறுப்புத் தொப்பி திரையின் மூலையில் மாட்டியிருந்தது. நியேவெஸின் மகளுக்கு ஞானத்தாய் அவள். அந்த உறவில்தான் இந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் கொமாத்ரே. ரியோ செக்கோ வட்டாரம் முழுக்கக் கணினி பழுதென்றால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். மடிப்புப் பாவாடை கட்டியவளுக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்ட ஆண்கள், இரண்டாம் முறை கேட்டதில்லை.

"மணி என்ன?" என்றாள் நியேவெஸ்.

"மூணு பத்து," என்றான் சபீனோ. அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஆறு மணிக்குள் இந்தக் கணினி எழுந்தாக வேண்டும். மறுநாள் திங்கள், காலை எட்டு மணிக்குத் தேர்வு. மருத்துவமனையில், மலைச்சனத்தின் அய்மாரா பேச்சை ஸ்பானிஷுக்கு மாற்றும் மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு முதல் முறையாக ஆள் எடுக்கிறார்கள். தேர்வை அவரவர் வீட்டில், தனியறையில், கேமரா முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். அதற்கான நிரலை முன்கூட்டியே ஓடவிட்டு, கணினி தகுதியானது என்று பச்சை விளக்கு வந்த பிறகு 'கலந்துகொள்கிறேன்' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அழுத்தாதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். போன வியாழக்கிழமை நிரலைப் போட்டுப் பார்த்தபோது சிவப்பு விளக்குதான் வந்தது. ப்ராசஸர் பழையது, செல்லாது. அதனால்தான் சபீனோ இன்று காலை சந்தையில் புது ப்ராசஸர் சிப் வாங்கி வந்து மாட்டியிருந்தான்.

நியேவெஸ் அந்த மருத்துவமனையில் பதினோரு வருடமாகத் தரை துடைக்கிறாள். முதல் வருடத்தில் ஒருநாள், ஏரிக்கரை ஊரிலிருந்து வந்த ஒரு கிழவரிடம் இளம் டாக்டர் ஒருவர் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார். ஸ்பானிஷ் மொழியைச் சத்தமாகச் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைத்திருந்தார் போல. நியேவெஸ் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கிழவரின் காதருகே அய்மாராவில் இரண்டு வார்த்தை கேட்டாள். கிழவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அன்றிலிருந்து எந்த மாடியில் யார் தவித்தாலும், "அந்தத் துடைக்கிற பெண்ணைக் கூப்பிடு" என்பார்கள். பிரசவ அறையில் நின்றிருக்கிறாள். பிள்ளை பிழைக்கமாட்டான் என்ற சேதியைத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். சொல்லி முடித்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து துடைப்பாள். பெயர்ப் பட்டியலில் அவள் துப்புரவுப் பணியாளர் மட்டும்தான்.

ருஃபீனா விசிறியைக் கழற்றி, அடியிலிருந்த புது சிப்பை நகத்தால் நெம்பி எடுத்தாள். எடுத்தவள் விளக்கை இழுத்து, அது உட்கார்ந்திருந்த குழிக்குள் உற்றுப் பார்த்தாள்.

"கொம்பாத்ரே," என்றாள் சபீனோவிடம் மெதுவாக. "இதுக்குள்ள என்ன போட்டீங்க?"

"நான் என்ன போட்டேன்? ஒண்ணும் போடலையே."

ருஃபீனா இடுக்கியால் ஒன்றைப் பிடித்துத் தூக்கினாள். மிளகளவு வட்டமான இளஞ்சிவப்புக் காகிதத் துண்டு.

சபீனோவின் கழுத்து சிவந்தது. "சால்யா செஞ்சேன். புதுசா ஒரு பொருள் வீட்டுக்குள்ள வருது, மண்தாய்க்கு ரெண்டு சொட்டு ஊத்தாம, கலர்க் காகிதம் தூவாம எப்படி மாட்டறது? பஸ் வாங்கினப்போ செஞ்சோமே."

"பஸ்ஸுக்கு எஞ்சினுக்குள்ளயா தூவினீங்க?"

"மேலாப்புலதான் தூவினேன்! எப்படி உள்ள போச்சுன்னு தெரியல!"

"சாராயம்?"

"ரெண்டே சொட்டு. அதுவும் தரையில."

நியேவெஸுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் நெஞ்சில் ஒரு கல் நகர்ந்தது. காகிதம்தானா! எடுத்தாயிற்று. ருஃபீனா குழியை ஊதி, பிரஷ்ஷால் துடைத்து, சிப்பைத் திரும்ப வைத்து, பசை தடவி, விசிறியை முறுக்கினாள். விசிறி கிளம்பியது.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

அடங்கியது.

ருஃபீனா நாற்காலியில் சாய்ந்தாள். மதர்போர்டின் ஓரத்தில் அச்சடித்திருந்த எண்ணைக் கைபேசியில் தட்டி எதையோ நெடுநேரம் படித்தாள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

"சிப் நல்ல சிப்தான். போர்டும் நல்ல போர்டுதான். ஆனா இந்த போர்டு செஞ்சப்போ இந்த சிப் பிறக்கவே இல்ல. யாருன்னு அதுக்குத் தெரியல, அதான் கதவைத் திறக்க மாட்டேங்குது."

"எப்படித் தெரியாமப் போகும்?" சபீனோ குரலை உயர்த்தினான். "சிப்புக்கு அடியில இருக்கற காலை எண்ணிப் பார்த்து வாங்கினேன் நான்! மூலையில இருக்கற முக்கோணக் குறிகூட ஒத்துப்போச்சு. பட்டுனு உட்கார்ந்துச்சே!"

"உட்காரும். எந்திரிக்காது. போர்டை எழுப்பற நிரல், பயாஸ், அதை அப்டேட் பண்ணணும். பென்டிரைவ்ல போட்டு அஞ்சு நிமிஷத்துல பண்ணிடலாம். ஆனா அதைப் பண்ணவே போர்டு உயிரோட இருக்கணும். அதுக்குத் தெரிஞ்ச சிப் உள்ள இருந்தாத்தான் உயிர் வரும். பழைய சிப்பைக் குடுங்க, அதைப் போட்டு முதல்ல அப்டேட் பண்ணிக்கலாம்."

ருஃபீனா கையை நீட்டினாள்.

"பழைய சிப்பைக் குடுங்கன்னேன்."

சபீனோ தன் செருப்பைப் பார்த்தான். "சந்தையில குடுத்துட்டேன். பழசைக் குடுத்தா விலையில கழிச்சுக்கறேன்னான். எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க... இனி எதுக்கு அதுன்னு..."

"சபீனோ!" என்றாள் நியேவெஸ். கத்த முடியவில்லை; விடியற்காலை மூன்று நடை பஸ் ஓட்டிவிட்டு, தூங்காமல் சந்தைக்கு ஓடி வாங்கி வந்தவன் அவன்.

"உங்ககிட்ட இந்த மாதிரி பழசு ஒண்ணு இருக்காதா கொமாத்ரே?"

"என்கிட்டயா? ஊருக்கெல்லாம் ரிப்பேர் பண்றவ வீட்ல இருக்கறது இதைவிடக் கிழம். அதோட காலே வேற." ருஃபீனா ஒரு சீட்டில் பழைய சிப்பின் எண்ணை எழுதி நீட்டினாள். "ஞாயித்துக்கிழமை சந்தை அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். போங்க ரெண்டு பேரும். பஸ்ல போகாதீங்க, தெருவெல்லாம் கடை. கம்பிவண்டியில போங்க. நான் பென்டிரைவைத் தயார் பண்ணி வைக்கறேன்."

நீலத்தடத்துக் கம்பிவண்டியின் தொங்கும் பெட்டியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். கீழே தகரக் கூரைகள் நகர்ந்தன. வைனா பொத்தோசி மலைக்குப் பின்னாலிருந்து கரிய மேகம் ஒன்று மூட்டையாக ஏறிக்கொண்டிருந்தது. நியேவெஸின் மனசுக்குள் வேறொன்று ஓடியது. காகிதத்தை எடுத்த பிறகும் விசிறி அடங்கியபோது, பயத்துக்கு அடியில், ஏதோ ஒன்று சுகமாகத் தளர்ந்ததே, அது என்ன? எட்டாம் வகுப்போடு நின்றவள் அவள். கணினி ஓடவில்லை என்றால் அவள் தோற்கவேண்டியதில்லை. குற்றம் சிப்பின்மேல் போய்விடும். அந்த நினைப்பு வந்ததுமே அவளுக்கு உடம்பு கூசியது.

கடைக்காரர் காசியானோ தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கும் ஒல்லியான மனிதர். சிப்புகளை ஒரு பெரிய சாக்லேட் டப்பாவில், கறுப்புப் பஞ்சில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தார்.

சபீனோ மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். காசியானோ தலையாட்டினார்.

"இருக்கு. ஆனா தரமுடியாது. வியாச்சாவிலேருந்து ஒரு வாத்தியார், ராத்திரி ஏழரைக்கு என் வீட்டுக்கு வந்து வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கார். வார்த்தை குடுத்தாச்சு."

"வாடகைக்காவது குடுங்க ஐயா, ஒரு மணி நேரம்."

"வாடகையா! இது என்ன சைக்கிளா? எடுத்துட்டுப் போறப்போ நல்லா இருக்கும், வர்றப்போ ரெண்டு கால் வளைஞ்சிருக்கும். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். நீ வாங்கறப்போவே உன் போர்டு என்னன்னு நான் கேட்டேன். என்ன சொன்னே? எல்லாம் ஒத்துப்போகும்னே."

"காலை எண்ணினேன்..."

"காலை எண்ணினானாம்! கோழி வாங்க வந்தியா?"

நியேவெஸ் கணவனை நகர்த்திவிட்டு முன்னால் வந்தாள். அவள் அய்மாராவில் பேசினாள். "ஐயா, அவர் மேல தப்பு. ஆனா பரீட்சை எனக்கு. ஆஸ்பத்திரியில நம்ம பேச்சை டாக்டருக்கும், டாக்டர் பேச்சை நம்ம சனத்துக்கும் எடுத்துச் சொல்ற வேலை. ஆறு மணிக்குள்ள கம்ப்யூட்டர் ஓடலைன்னா இடம் போயிடும்."

காசியானோவின் கை தார்ப்பாயின் மடிப்பில் நின்றது. "எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னாள்.

அவர் தார்ப்பாயைக் கீழே போட்டார். பிறகு பக்கத்துக் கடைப் பெண்ணிடம், "கசெரீத்தா, என் சாமானை ஒரு கண் பார்த்துக்கோ," என்றார். சாக்லேட் டப்பாவை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "குடுக்க மாட்டேன். நானே எடுத்துட்டு வர்றேன். என் கண் முன்னாடி போட்டு, என் கண் முன்னாடி எடுக்கணும். நட."

திரும்பும் வழியில், மூன்றாவது கோபுரத்தைத் தாண்டியதும் கம்பிவண்டி குலுங்கி நின்றது. தூரத்தில் மின்னல். இடி விழும் நேரத்தில் நிறுத்திவிடுவார்கள். எப்போது கிளம்பும் என்று யாருக்கும் தெரியாது. மணி நான்கு ஐம்பது. காற்றில் பெட்டி மெல்ல ஆடியது. சபீனோ சிலுவை போட்டுக்கொண்டான்.

"என் தங்கச்சி பாசிலியா," என்றார் காசியானோ, யாரும் கேட்காமலே. டப்பாவை இரண்டு கையாலும் மடியில் அழுத்திப் பிடித்திருந்தார். "ஆறு வருஷமாச்சு. வயித்து வலின்னு அதே ஆஸ்பத்திரிக்கு வந்தா. என்னைக் கூட வரச் சொன்னா. வியாழக்கிழமை. அதுவும் சந்தை நாள். நீ போய்ப் படு, சாயங்காலம் வர்றேன்னுட்டேன். அவளுக்கு ஸ்பானிஷ்ல ரெண்டே வார்த்தைதான் தெரியும். 'சரி', 'டாக்டர்'. ஆபரேஷனுக்கு முன்னாடி, காலையில எதுவும் சாப்பிடலையேன்னு கேட்டாங்களாம். 'சரி டாக்டர்.' எந்த மருந்தும் உடம்புக்கு ஆகாதுன்னு இல்லையேன்னு கேட்டாங்களாம். 'சரி டாக்டர்.' எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துக்குப் பதிலா ரேகை வாங்கிட்டாங்க. சாயங்காலம் நான் போனப்போ..."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நியேவெஸ் அவர் கையைத் தொடப் போனாள். துணியவில்லை. அன்று தான் எந்த மாடியில் துடைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. அவளைக் கூப்பிட்டு அனுப்ப யாருக்கும் தோன்றாத ஒரு நாள். அப்படி எத்தனை நாள்!

பெட்டி குலுங்கியது. நகர்ந்தது. மணி ஐந்து இரண்டு.

வீட்டுக்குள் நுழையும்போது ஐந்து இருபது. ஆலங்கட்டி தகரக் கூரையில் சடசடவென்று கொட்ட ஆரம்பித்திருந்தது. ருஃபீனா கையை மட்டும் நீட்டினாள். காசியானோ டப்பாவைத் திறந்து, எண்ணைச் சரிபார்த்து, பழைய சிப்பை எடுத்துக் கொடுத்தார். "காலைத் தொடாதே, ஓரத்தைப் பிடி," என்றார்.

"எனக்கா சொல்றீங்க?" என்றாள் ருஃபீனா.

பழைய சிப் உட்கார்ந்தது. விசிறி கிளம்பியது. நான்கைத் தாண்டியது. திரை வெளிச்சமானது. சபீனோ கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டான்.

ருஃபீனா பென்டிரைவைச் செருகிவிட்டுத் திரும்பினாள். "ஒண்ணு சொல்லிடறேன். இந்த அப்டேட் போட்டா போர்டு புது சிப்பைத் தெரிஞ்சுக்கும், பழசை மறந்துடும்னு எழுதியிருக்கு. திரும்பி வர வழி கிடையாது. அப்புறம் புது சிப்புல ஏதாவது கோளாறுன்னா ரெண்டும் போச்சு. அதோட, பாதியில கரண்டு போனா போர்டே செத்துடும். என்ன பண்ணட்டும்?"

ஜன்னலுக்கு வெளியே மின்னியது. அறை விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. எல்லோரும் நியேவெஸைப் பார்த்தார்கள்.

"போடு," என்றாள் நியேவெஸ்.

திரையில் ஒரு வெள்ளைக் கோடு வளர ஆரம்பித்தது. பத்து. பதினேழு. ஆலங்கட்டிச் சத்தத்தில் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. சபீனோ ஓடிப்போய் வீட்டிலிருந்த மற்ற விளக்குகளையெல்லாம் அணைத்தான். அதனால் ஒரு பயனும் இல்லை என்று ருஃபீனாவுக்குத் தெரியும், ஆனாலும் தடுக்கவில்லை. நாற்பத்தொன்று. இடி வீட்டின் தலைமேலேயே விழுந்தது போலிருந்தது. விளக்கு மங்கியது, இன்னும் மங்கியது, செம்புக் கம்பி போல் சிவந்து நடுங்கியது. நியேவெஸ் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள். தாயே, தாயே என்று எந்தத் தாயை அழைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. விளக்கு நிமிர்ந்தது. எழுபது. தொண்ணூறு. முடிந்தது என்று ஒரு வரி தோன்றித் திரை இருண்டது.

"எடுங்க," என்றார் காசியானோ கரகரத்த குரலில். ருஃபீனா பழையதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். புதியதைப் பொருத்தினாள். பசை, விசிறி, நான்கு திருகு. மணி ஐந்து நாற்பத்திரண்டு.

விசிறி கிளம்பியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து... திரை கறுப்பாகவே இருந்தது.

"வரலையே," என்றான் சபீனோ அழாத குறையாக.

"முதல் தடவை நேரம் எடுக்கும். சும்மா இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"வாயை மூடற அளவு நேரம்."

இரண்டு நிமிடம் கறுப்பு. நியேவெஸ் அந்தக் கறுப்பில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திடீரென்று அந்த முகம் வெளிச்சத்தில் கரைந்தது. திரை விழித்துவிட்டது! ருஃபீனா வாய்விட்டுச் சிரித்தாள். சபீனோ சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு தோள் குலுங்க நின்றான்.

தேர்வு நிரல் திறந்தது. ஒவ்வொன்றாகச் சோதித்தது. கேமரா, ஒலி, ப்ராசஸர். கடைசியில் பச்சை. கீழே பொத்தான்: கலந்துகொள்கிறேன். மணி ஐந்து ஐம்பத்துமூன்று.

நியேவெஸ் மவுஸின்மேல் கை வைத்தாள். விரல் அசையவில்லை.

"அழுத்து," என்றாள் ருஃபீனா.

"அழுத்தறேன்." அழுத்தவில்லை. "கொமாத்ரே, நான் எட்டாவதுதான். ஸ்பானிஷ்ல எழுத்துப் பிழை வரும் எனக்கு. வீட்லேருந்து வேலைக்குப் போற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், நுரையீரல், கணையம், மயக்க மருந்துன்னு. ஆனா நாளைக்கு அவங்க கேட்கறப்போ..." அவள் கையை எடுத்துவிட்டாள். "காலையிலேருந்து இது ஓடக்கூடாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு பாவி வேண்டிக்கிட்டிருந்தா. நான்தான் அது."

சபீனோ திகைத்து நின்றான். ஐம்பத்துநான்கு. ஐம்பத்தைந்து.

காசியானோ முன்னால் வந்தார். அவர் முகம் கோபத்தில் இறுகியிருந்தது. "சந்தையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு வந்திருக்கேன். முதல் தடவையா விட்டுட்டு வந்திருக்கேன், தெரியுமா? ஆறு வருஷத்துக்கு முன்னாடி விடாததை இன்னைக்கு விட்டேன். பாஸா ஃபெயிலாங்கறதை நாளைக்குப் பார்த்துக்கோ. பட்டன் இன்னைக்கு."

நியேவெஸ் அவரைப் பார்த்தாள். துடைக்கப்படாத கண்ணீர் அவர் கன்னத்துச் சுருக்கத்தில் நின்றிருந்தது. எட்டாம் வகுப்பும் எழுத்துப் பிழையும் சட்டென்று சின்னதாகிவிட்டன. வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதற்கும் சரி என்று தலையாட்டும் ஒருத்தி எங்கோ ஒரு கட்டிலில் கிடக்கிறாள். இவளைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை.

அழுத்தினாள்.

'உங்கள் இடம் உறுதி செய்யப்பட்டது' என்றது திரை.

ருஃபீனா அவளைக் கட்டிக்கொண்டாள். சபீனோ தேநீர் போடுகிறேன், ரொட்டி வாங்கி வருகிறேன், சிப்புக்கு என்ன தரவேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டான். காசியானோ பழைய சிப்பின் முதுகிலிருந்த பசையைச் சட்டை ஓரத்தால் துடைத்து, கால்களை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பஞ்சில் குத்தி, டப்பாவை மூடினார்.

நியேவெஸ் வாசல் வரை போனாள். ஆலங்கட்டி ஓய்ந்து தெரு வெள்ளையாகக் கிடந்தது.

"ஐயா, உங்க தங்கச்சி..." என்று தொடங்கினாள்.

"வாத்தியார் வர்ற நேரமாச்சு," என்றார் அவர். தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு, டப்பாவை நெஞ்சோடு அணைத்து, வழுக்காமல் ஒவ்வொரு அடியாக வைத்துக் கம்பிவண்டி நிலையத்தை நோக்கி நடந்தார். அவர் திருப்பத்தில் மறையும்வரை நியேவெஸ் குளிரில் நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.